சீனிவாசனைப் பிடித்த சனி

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் சீனிவாசன் என்கிற நல்ல மனிதரைச் ‘சனிவாசன’ ஆக்கிவிட்டோம்.

‘சீ’யின் சுழி போச்சு. கடைசி ‘ன்’னின் புள்ளியும் போச்சு. திரையில் கொட்டை எழுத்தில் சனிவாசன!

“அக்கா, இங்க வந்து பாருங்க. என்னையச் சனி புடிச்சிருச்சு!” என்று கத்தினார் சீனி. கோயமுத்தூர்க்காரர். எதற்கும் கோபப்படாதவர்... அன்றைக்குப் பட்டார்.

விஷயம் இதுதான். புனேயில், ஔந்த் பக்கம் இருக்கிறது எங்கள் கம்பெனி. முகவரிகளைப் பதிந்து தேடித் தருகிற ஒரு சாஃப்ட்வேர் செய்கிறோம். இங்கிலீஷோடு மராத்தியும் தமிழும் உண்டு. தமிழை உள்ளே கொண்டுவர மாதக்கணக்கில் மன்றாடியவர் சீனிதான். ஊரில் அவர் அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மகன் செய்த ஒரு சாஃப்ட்வேரையாவது அவர் படித்துப் பார்க்க வேண்டாமா?

வில்லன் யார்? ஒரு லைப்ரரி. புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்லை — யாரோ எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் அதைப் பராமரிப்பவர் இஷ்டம்.

பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள் இல்லையா? தேடுவதற்கு வசதியாக அதை வழித்துப் போடுவதுதான் இந்த லைப்ரரியின் வேலை. நம் புள்ளியையும் சுழியையும் பார்த்து, அதுவும் அந்த ஜாதிதான் என்று நினைத்துவிட்டது!

எங்கள் டீம் லீட் வைஷாலி, புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். கடன் வாங்கிய புரோகிராமில் நாமாகக் கை வைக்கக் கூடாது, அடுத்த வெர்ஷன் வந்தால் திருத்தம் எல்லாம் போய்விடும் என்பது அவர் சட்டம். “அரே சீனி, ஃப்ரைடே டெமோ. அதுக்குள்ள அவங்க சரி பண்ணலேன்னா தமிழ் ட்ராப்” என்று இந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சீனி லைப்ரரிக்காரருக்கு மெயில் போட்டார். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. ‘இங்கே சரியாகத்தானே வேலை செய்கிறது? அது அலங்காரக் குறிதானே?’

அலங்காரமா? எனக்கு வந்ததே கோபம்!

புதன்கிழமை இன்னும் இரண்டு மெயில். பதில் இல்லை. வியாழன் காலை, தமிழைக் கழற்றச் சொல்ல வைஷாலி வந்து நின்றார். சீனி தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? “உங்க மராத்தியை டெஸ்ட் பண்ணீங்களா மேடம்?” என்றேன்.

அலட்சியமாக உட்கார்ந்து, மராத்தியில் தன் ஊர்ப் பெயரை அடித்தார் — ‘புணே’.

திரையில் வந்தது ‘பண’. மராத்தியில் அதற்கு ‘ஆனால்’ என்று அர்த்தம்!

“அரே தேவா!” என்று எழுந்தே விட்டார் வைஷாலி. பேஷ்வாக்கள் ஆண்ட ஊர் ஓர் இடைச்சொல்லாகிவிட்டதே! “மலா த்யா மாணஸாசா ஈமெயில் தே!” — அந்த ஆளின் ஈமெயிலைக் கொடு என்கிறார்.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். இந்தமுறை புலம்பவில்லை. தமிழில் ஒரு பெயர், மராத்தியில் ஒரு பெயர். இப்படி இருந்தது, இப்படி ஆனது. அதோடு, திருத்திய புரோகிராமையே இணைத்து அனுப்பினோம். குறை சொல்ல ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். திருத்தியும் கொடுத்தால்தான் ஆட்கள் காது கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். சாஃப்ட்வேரில் மட்டுமா, ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கிலும்தான்!

வெள்ளி காலை பதில் வந்துவிட்டது. மன்னிப்பு, நன்றி, கூடவே புது வெர்ஷன். டெமோவில் சீனியே தமிழை ஓட்டிக் காட்டினார். மதியமே ஊருக்குப் போன் போட்டு, “அப்பா, தமிழ் இருக்குதுங்க” என்றார்.

லைப்ரரிக்காரர் மெயிலின் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். ‘அந்தப் புள்ளி உண்மையில் எழுத்தை என்ன செய்கிறது?’

சீனி யோசிக்கவே இல்லை. “உயிர எடுக்குதுன்னு எழுதுங்கக்கா. நாலு நாளா நம்ம உயிர எடுத்துச்சுல்ல!”

இலக்கணப்படியும் அது நூற்றுக்கு நூறு சரி.