கார்னேஷன் குடிலுக்குள் ஒரு படகு

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதம். ஊட்டிப் பக்கம் உறைபனி கொட்டிக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் ஊர் ஓர் அணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கிறது. முந்தைய மழையில் மண் சரிந்து சாலை போய்விட்டது. காட்டு வழியில் நடந்தால் காட்டெருமை பயம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் ஊர்ப் பொதுவில் இருந்த பழைய பைபர் மோட்டார் படகு ஒன்றுதான் கதி. அதை ஓட்டுவது என் வீட்டுக்காரர். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

ஒருநாள் விடியலில் கேரட் மூட்டையை ஏற்றிவிட்டுப் படகில் காலை வைத்தேன். தளம் மெத்தை மாதிரி அமுங்கியது. இவர் ஓடி வந்து இன்ஜினைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். மொத்த இன்ஜினும் ஆடியது. போல்ட்டைத் திருகினால், ஈரமான மரத்தூளோடு கையிலேயே வந்துவிட்டது.

"இனி இதுல ஆள் ஏத்தமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னால் சொன்னதுதான்.

என் மகளுக்கும் ஊரில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. தேர்வு மையம் டவுனில். அங்கே தங்கவைக்கச் சொந்தமும் இல்லை, விடுதியில் இடமும் இல்லை. படகு ஓடாவிட்டால் பன்னிரண்டு வருடப் படிப்பு இக்கரையிலேயே நின்றுபோகும்.

மேட்டுப்பாளையத்தில் லாரிக்குப் பைபர் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். முன்பு கடலோரத்தில் மீன்பிடிப் படகுகள் கட்டியவராம். சுத்தியல் பிடியால் தளமெங்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங் டங்' என்றது. கெட்ட இடத்தில் 'பொத் பொத்' என்றது. பொத் பொத்துதான் அதிகம்.

தளத்தை அறுத்துத் திறந்ததும் வந்த நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! படகின் நீளத்துக்கும் ஓடி இன்ஜினையும் தளத்தையும் தாங்கும் மரச்சட்டங்கள், கையால் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு மக்கிக் கிடந்தன. மேலே ஒட்டியிருந்த பைபர், பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது.

"ஏனுங்க, மழையில போட்டு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழையிலா? நிறுத்தியவுடனே தார்ப்பாய் போட்டு, காற்றுகூடப் புகாமல் இறுக்கிக் கட்டுவது என் வேலை. மலையில் இருப்பவர்களுக்கு எதையும் மூடி வைக்கிற புத்தி. விறகை மூடுவோம், உருளைக்கிழங்கை மூடுவோம், ஆட்டுக்குட்டியைக்கூடச் சாக்கு போர்த்தி வைப்போம்.

அவர் சிரித்துவிட்டார். "அதாங்க வினை. ஆணி போட்ட ஓட்டை வழியாத் தண்ணி இறங்கியிருக்கு. காய விடாம மூடி மூடியே கொன்னுட்டீங்க."

மக்கியதையெல்லாம் சுரண்டி எடுத்து, சில நாள் காய விட்டு, புதுச் சட்டம் பதித்து, அதன்மேல் பைபர் பாய் விரித்து, அதை இறுக்கும் ரெசின் பசையைப் பூசினார். மறுநாள் போய்த் தொட்டால் பலாப்பழப் பால் மாதிரி விரலில் ஒட்டுகிறது! பனியிலும் குளிரிலும் அது இறுகவே இல்லை. அடியிலும் ஈரம் போகவில்லை.

"எங்க ஊர்ல ஊத்தினா பேசி முடிக்கிறதுக்குள்ள கல்லாயிருங்க" என்று தலையைச் சொறிந்தார்.

"இது உங்க ஊரு இல்லீங்க, இங்க எண்ணெயே உறைஞ்சு போகுது!" என்று கத்தினேன். பாவம், மனுஷன் முகம் சுண்டிப்போனது. ஒட்டியதையெல்லாம் மறுபடி சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. மாசி பிறந்துவிட்டது. அன்று என் மகள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

இங்கே என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தனார் மனைவி, அடுத்த வீடு. பூ வளர்க்கும் அவளுடைய பாலிதீன் குடிலுக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்ததில் எங்களுக்குள் வாய்ச்சண்டை வந்து, பேச்சு நின்று வருடக்கணக்காகிவிட்டது. என் மகள் மட்டும் அங்கே போய் வருவாள். குழந்தையில் அவளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அந்தச் சித்திதான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கார்னேஷன் செடியெல்லாம் எடுத்துட்டேன். குடிலு காலியாத்தான் கெடக்கு. பகல்ல உள்ள நின்னா வேர்த்து ஊத்தும். படகை உள்ள கொண்டாங்க."

"நாத்து வந்திருக்குன்னாங்களே?" அத்தனை வருடத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாத்த அப்பறமா நட்டுக்கலாம். புள்ள பரீட்சைய அப்பறமா வைக்கச் சொல்ல முடியுமா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் எதிரில் அழுவதா என்று உள்ளே போய் டீ போட்டேன்.

மறுநாள் ஊரே சேர்ந்து படகை மேட்டில் தூக்கிக்கொண்டு போனது. குடிலின் கதவு வழியாகப் படகு நுழையவில்லை. அவள் யோசிக்கவே இல்லை. கத்தியை எடுத்துத் தன் குடிலின் முன்பக்கப் பாலிதீன் தாளைத் தானே கிழித்து வழிவிட்டாள். படகின் வடிவம் கோணாமல் இருக்க உருளைக்கிழங்குச் சாக்குகளில் மண் நிரப்பி அடியில் முட்டுக்கொடுத்தோம். உறைபனி முடிந்து வெயில் ஏறும் நேரம். காற்று ஓட இரண்டு பக்கத் திரைகளையும் பகலெல்லாம் தூக்கிவிட்டு, சட்டத்தைத் தொட்டால் ஈரமே தெரியாத அளவுக்குக் காயும் வரை மேஸ்திரி ரெசின் டப்பாவைத் திறக்கவில்லை. இந்த முறை அவர் சூதானமாகிவிட்டார். பூசிய அன்று சாயங்காலம் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லுங்க!" என்று கூவினார்.

கடைசியில் நானும் என் ஓரகத்தியும் ஆளுக்கொரு கரண்டியோடு படகுக்குள் ஏறி மூலைமுடுக்கெல்லாம் தட்டினோம். எங்கேயும் பொத் இல்லை. டங் டங் மட்டும்தான். சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

பரீட்சையன்று விடியலில் தண்ணீர் மேல் மூடுபனி. பிள்ளைகள் ஏறினார்கள். இன்ஜின் முறுக்கியபோது தளம் கொஞ்சமும் அதிரவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஓரகத்தி கரையிலேயே திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள். "ஏனு வேடிக்கை பாக்கறே, ஏறு!" என்று அதட்டி, கையைப் பிடித்து இழுத்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

மகள் இப்போது கோவையில் படிக்கிறாள். படகு இன்றும் ஓடுகிறது. தார்ப்பாய் போடும்போது காற்று போக ஓரத்தில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துத் தூக்கி விடுகிறேன். இறுக்கி மூடிவிட்டால் எதுவும் கெடாது என்று நம்பியிருந்த நான், அந்தக் குச்சியை வைத்துவிட்டு நிமிரும்போதெல்லாம் அடுத்த வீட்டைப் பார்ப்பேன், கதவு திறந்திருக்கும்.