'செஸ்த்ரு' என்றால் நான் இல்லை

சுனாமிக்குச் சில வருஷம் கழித்து அந்தமானின் லாங் ஐலண்ட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ஒரு மதியம் மீனவர்கள் கடலில் மிதந்த ரஷ்யர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தலையில் அடி, அரைமயக்கம். வாயில் ஒரே வார்த்தைதான்: "செஸ்த்ரு... செஸ்த்ரு..."

சிஸ்டர் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார் என நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் போய்க் கையைப் பிடித்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

கெஸ்ட் ஹவுஸில் ஒரு செக் நாட்டு அம்மா தங்கியிருந்தார். ரஷ்யனும் செக்கும் சேர்ந்த ஸ்லாவியக் குடும்பத்தின் பழைய மொழிகளைப் பாடம் நடத்துகிறவர். டாக்டர் ஆளனுப்பியதும் ஓடி வந்தார். ஏதேதோ கேட்டுப் பார்த்தார், அவர் அதே வார்த்தையைத்தான் திரும்பச் சொன்னார். குனிந்து கவனித்தவர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இவர் உங்களைக் கூப்பிடலை. கூப்பிட்டா 'செஸ்த்ரா'ன்னு வரும். கடைசியில 'உ' வருது, அவங்களை ஏதோ செய்யணும்னா வர்ற 'உ'. அக்காவையோ தங்கச்சியையோ தேடச் சொல்றார். கூட யாராவது இருந்தாங்களா?"

அதை நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை. டாக்டர் உடனே படகுத்துறை ஜெட்டிக்கு ஓடினார். டுங்கிப் படகு ஓட்டும் செல்வம், "நீரோட்டம் அந்த நாலா ஓடைப் பக்கம் இழுக்குது, அங்கதான் பாக்கணும் சாப்" என்று இன்ஜினைக் கிளப்பினான்.

காத்திருந்த நேரத்தில் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். சிஸ்டர், சமஸ்கிருத ஸ்வஸா, செஸ்த்ரா மூன்றுக்கும் மூலம் ஒன்றுதானாம். ஆதி ஸ்லாவியத்தில் 'ஸ'வுக்கும் 'ர'வுக்கும் நடுவே ஒரு 'த' முளைத்ததாம். இந்த 'உ' அன்றைக்கு மூக்கால் ஒலித்த 'ஓ'வாம். அந்த ஆதி மொழியை எழுதிவைத்தவர் யாரும் இல்லை. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுத்தான் தாய்ச்சொல்லைக் கண்டுபிடித்தார்களாம். "உங்க மொழியிலயும் சொல்லோட வால் இப்படி மாறுமா?" என்றார். அக்கா, அக்காவை என்று சொல்லிக் காட்டினேன். "அதேதான்" என்றார்.

பொழுது சாயும் முன் செல்வம் திரும்பினான். நாலா ஓடையின் முகத்துவாரத்தில் கண்டல் மர வேரைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாளாம் தங்கை. உடம்பெல்லாம் கீறல், ஆனால் உயிர் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்ததும் அண்ணன் அந்த வார்த்தையை நிறுத்திவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் இருவரையும் போர்ட் பிளேர் கப்பலில் ஏற்றினோம். அந்த அம்மாவும் அதிலேயே போனார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோயாளி சொல்வது புரியாவிட்டால் யாரையாவது கேட்போம். புரிந்தமாதிரி இருக்கும்போதுதான் கேட்காமல் விட்டுவிடுவோம்.