செயலாளரின் வலது காது

கீழ்வாய்க்கால் கமக்காரர் அமைப்பின் கூட்டங்களில் விஜிதரன் வாசிக்கும்போது அவருடைய வலது காதிலிருந்து ஒரு கறுப்பு வயர் தொங்கும். முன்னால் மேசையில் மடிக்கணினி இருக்கும். கணினி ஒரு வரியைக் காதுக்குள் சொல்ல, அவர் அதை மண்டபத்துக்குச் சத்தமாகச் சொல்வார். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சுகூட இராது. புதிதாக வந்தவர்கள் அவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார் என்றே நினைப்பார்கள். பதினாறு வருடங்களுக்கு முன், போரின் கடைசி மாதங்களில், அவருடைய இரண்டு கண்களும் போயிருந்தன. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. வாய்க்கால் துப்புரவு பற்றியும் பசளை வந்துசேராதது பற்றியும் எவ்வளவு நேரமும் கதைப்பார்.

மடிக்கணினி வெளிநாட்டிலிருக்கும் முரசுமோட்டை ஊர்க்காரர் சிலர் சேர்ந்து அமைப்புக்கு அனுப்பியது. பூவரசங்குளத்துக் கிருபன் அதில் லினக்ஸைப் போட்டு, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஓர்க்கா என்ற மென்பொருளையும் ஒரு தமிழ்க் குரலையும் சேர்த்துக் கொடுத்தான். கிருபனுக்கு ஒரு கண்ணில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். பார்வையற்றோருக்கான பயிற்சியில் இருவரும் பக்கத்துக் கதிரைக்காரர்கள். அந்தக் குரல், தண்ணீர்க் குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆம்பிளை கதைப்பதைப் போலிருக்கும். விஜிதரனின் மனைவி ராஜினி அதற்கு மச்சான் என்று பெயர் வைத்திருந்தாள்.

“உங்கட மச்சானை ஒருக்கா வாயை மூடச் சொல்லுங்கோ. நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்டிட்டு வாறன், இஞ்சயும் மெஷினே?” என்பாள். கிளிநொச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை.

ஐந்து வருடங்களுக்கு முன், செயலாளர் தெரிவு நடந்த அன்று, தலைவர் தவராசா சபையிலேயே கேட்டார்:

“தம்பி, கோவியாதையும். பங்குப் பட்டியலை உமக்கு ஆர் வாசிச்சுக் காட்டுறது?”

“ஒருத்தரும் வேண்டாம் அண்ணை. நானே வாசிப்பன்.”

அந்த ஒரு பதிலுக்குத்தான் கைகள் உயர்ந்தன. அதன்பின் அவர் யாரிடமும் எதையும் வாசித்துக் காட்டும்படி கேட்டதில்லை.

கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எந்த வாய்க்காலின் கீழ் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரித்து, செயலாளர் அதைச் சபையில் வாசிக்க வேண்டும். அன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கால் ஏக்கர் பிசகினாலும் சண்டைதான். இந்த வருடப் பட்டியலை விஜிதரன் இரண்டு கிழமையாகத் தயாரித்திருந்தார்.

கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்கு, கடைசித் திருத்தத்தைச் சேமிக்கப் போனால் கணினி இடமில்லை என்றது. கிருபனுக்குப் போன் எடுத்தார். “தேவையில்லாத மென்பொருள் பொதியள் ஏதும் கிடந்தால் தூக்கி விடுங்கோ அண்ணை” என்று அவன் பஸ்ஸுக்குள்ளிருந்து சொன்னான். விஜிதரன் ஒவ்வொன்றாகத் தேடினார். குரல்கள் என்று ஒரு பொதி இருந்தது. இங்கிலீசு, பிரெஞ்சு, இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பாசைகள். தமிழைக் கிருபன் தனியாகப் போட்டுத் தந்தவன், ஆகவே இது நமக்குத் தேவையில்லாதது என்று அவர் முடிவுகட்டி, நீக்கும் கட்டளையை அடித்தார்.

இதோடு சேர்ந்து பின்வரும் பொதிகளும் நீக்கப்படும் என்று சொல்லி, மச்சான் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். எல்லாம் பல்லை உடைக்கும் இங்கிலீசுப் பெயர்கள். நாலாவது பெயரில் இடி முழங்கியது. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு ரீவியையும் பிரிட்ஜையும் ஒரே மின்னல் கொண்டுபோனதிலிருந்து, முதல் இடிக்கே எல்லா வயரையும் கழற்றுவது அந்த ஒழுங்கை வீடுகளின் வழக்கம். கணினியின் பற்றரி செத்து ஒரு வருடம். வயரைக் கழற்றினால் அணைந்துவிடும். சம்மதமா என்று கேட்டு முடிக்க முன்பே அவர் சம்மதம் என்று அமத்தினார். பயிற்சியிலும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். எது கேட்டாலும் ஓம் எண்டதுக்கு இங்கிலீசு வை எழுத்தை அமத்துங்கோ, பயப்படாதேங்கோ.

வேலை முடிந்தது என்று மச்சானே சொன்னார். பட்டியல் சேமிக்கப்பட்டது என்றும் சொன்னார். விஜிதரன் கணினியை அணைத்து, வயரைக் கழற்றி, பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

மறுநாள் ராஜினி ஆறு மணிக்கு முன்பே தொழிற்சாலை பஸ்ஸில் போய்விட்டாள். எட்டு மணிக்கு அவர் கணினியைத் திறந்தார். விசிறி சுழலும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று தடவை அணைத்துத் திறந்தார். காது வயரை மாற்றினார். பிறகு தன் பட்டன் போனில் கிருபனுக்கு எடுத்தார்.

“நேற்று என்னத்தை அண்ணை தூக்கினனீங்கள்?”

“குரல் பொதியை. இங்கிலீசு, பிரெஞ்சு எல்லாம் கிடந்தது.”



“தமிழும் அதுக்குள்ளதான் அண்ணை. நான் தனியப் போடேல்லை, அதைத் திறந்து மட்டும் விட்டனான். அந்தப் பொதி இல்லாட்டில் குரல் இல்லை. குரல் இல்லாட்டில் ஓர்க்காவும் நிக்காது, அதையும் சேத்துத்தான் தூக்கும். தூக்க முதல் பட்டியல் வாசிச்சிருக்குமே?”

“வாசிச்சது.”

“முழுக்கக் கேட்டனீங்களோ?”

“இடி முழங்கிச்சுது.”

“எட்டாவதோ ஒன்பதாவதோ ஓர்க்கா எண்டு வந்திருக்கும். தன்ர பெயரைத் தானே வாசிச்சிருப்பார், பாவி.”

“அணைக்குமட்டும் கதைச்சதடா.”

“ஓடிக்கொண்டிருந்தது ஓடிச்சுது. அணைச்சாப் பிறகு திரும்ப எழும்புறதுக்கு அங்க ஆள் இல்லை.” கிருபன் குரலை மாற்றிக்கொண்டான். “பட்டியலுக்கு ஒண்டும் நடக்கேல்லை, அது அப்பிடியே கிடக்கும். மச்சானையும் திரும்பப் போடலாம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் அடியுங்கோ, பத்து நிமிசம். இன்ரநெட் மட்டும் வேணும்.”

அந்த வீட்டில் இன்ரநெட் என்றால் ராஜினியின் போன்தான். அது தொழிற்சாலையில், வேலை முடியும்வரை திறக்காத ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

“அப்ப மண்டபத்தில ஆரின்ரையாவது போனைக் கேளுங்கோ. வெக்கப்படாதேங்கோ அண்ணை.”

“ஓம், கேக்கிறன்.”

ஒன்பதரைக்குச் சிவராசா மோட்டார் சைக்கிளில் வந்தான். கூட்டம் என்றால் செயலாளரை ஏற்றி இறக்குவது அவன்தான்.

“என்ன செயலாளர், முகம் ஆவணிக் குளம் மாதிரி வத்திக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை. நீ பள்ளத்தைப் பாத்து ஓட்டு.”

வழியெல்லாம் சிவராசாவின் சேர்ட் பையில் போன் கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. ஒருக்கா உன்ர போனைத் தா என்ற வசனத்தை விஜிதரன் வாய்க்குள் பல தடவை சொல்லிப் பார்த்தார். தந்தால், கணினியோடு இணைக்கத் திரையை அவன் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன நடந்தது என்று கேட்பான். அவன் வாய்க்கு மண்டபம் முழுக்கத் தெரிந்துவிடும். மண்டப வாசலில் இறங்கும்போது, “மனப்பாடம்தானே” என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டு கிழமை தடவித் தடவிச் செய்த பட்டியல்.

கணினியைத் திறந்து வைத்து, ஒன்றும் சொல்லாத வயரைக் காதில் செருகிக்கொண்டு தொடங்கினார். முதல் வாய்க்கால் பிசகில்லாமல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில், “நடராசா, அரை ஏக்கர்” என்றார்.

“முக்கால் எண்டெல்லோ பதிஞ்சனான்!” என்று நடராசா எழும்பினார்.

“முக்கால், முக்கால்” என்று திருத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அந்தத் தடுமாற்றத்தில் ஒரு பெயர் விழுந்துவிட்டது.

“அண்ணை, என்ர பெயரை விட்டிட்டியள்.” அது கௌசலா. தகப்பன் விட்டுப்போன இரண்டு ஏக்கரைத் தனியாகச் செய்பவள்.

பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். “அப்ப எனக்குச் சொன்னதும் பிழையோ?” “முதல்ல இருந்து வாசியுங்கோ!” பின்னாலிருந்து ஒருவர், “வடிவாப் பாத்து வாசியும் ஐசே!” என்றார். சொன்னவருக்கே சொன்னது உறைத்ததோ என்னவோ, மண்டபம் அடங்கிப்போனது.

தவராசா எழும்பி வந்து திரைக்கு முன்னால் குனிந்தார்.

“தம்பி, இதில ஒண்டும் திறந்தில்லையே. வெறும் நீலமாக் கிடக்கு. நீர் எதை வாசிச்சனீர்?”

விஜிதரன் காதிலிருந்த வயரைக் கழற்றி மேசையில் வைத்தார். “அது கதைக்குதில்லை அண்ணை” என்றார்.

கௌசலா வந்து, அவர் சொன்ன இடத்தில் கோப்பைத் திறந்து வாசித்தாள். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், இருபது நிமிடம். நடராசாவுக்கு முக்கால் ஏக்கர். கௌசலாவும் இருந்தாள். ஒரு சண்டை இல்லை. பட்டியலில் ஒரு பிழையும் இல்லை என்று தவராசா சபைக்குச் சொன்னார். தேத்தண்ணி வந்தபோது அவர் விஜிதரனின் தோளில் கை வைத்தார்.

“உமக்கு ஏன் தம்பி இந்தக் கரைச்சல்? இந்தப் பிள்ளை வாசிக்குது. நீர் ஆலோசகரா இரும். உம்மை விடமாட்டம்.”

“எனக்கு வேண்டாம், அண்ணையே இருக்கட்டும்” என்று கௌசலா இரண்டு தடவை சொன்னாள். கௌசலாவைச் செயலாளராக்கச் சம்மதமானவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார்கள். துணிகள் சரசரத்தன. நிறைவேறியது என்றார் தவராசா.

திரும்பும் வழியில் சிவராசா தானாகவே சொன்னான்: “கனபேர் உயர்த்தேல்லை அண்ணை.”

“நீ?”

“நான் அரைவாசி உயர்த்தினனான். தலைவர் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர்.”

அன்று பின்னேரம் ராஜினி வந்ததும் அவளுடைய போனில் இணைத்து, கிருபன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, விஜிதரன் அடித்தார். போடப்போகும் பொதிகளின் பெயர்களை ராஜினி திரையிலிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நீக்கப்படுபவை பூச்சியம் என்ற கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் அமத்தினார். கிருபன் சொன்னது சரி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“மச்சான் வந்திட்டார்” என்றாள் ராஜினி. பிறகு, “காலமையே ஆரையும் கேட்டிருக்கலாம்” என்றாள். குசினிக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் தவராசா ஆளனுப்பினார். அலுவலகப் பூட்டின் திறப்பும் முத்திரையும் கணினியும் வேண்டுமாம். திறப்பையும் முத்திரையையும் விஜிதரன் முன்பே எடுத்து வைத்திருந்தார். கணினியை நினைக்கவில்லை. அது அமைப்பின் சொத்து என்பது அவருக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்தில் அப்படி எழுதுவித்ததே அவர்தான். ஆனாலும் நினைக்கவில்லை. பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொன்றாக நின்றது. காலையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்டு வரும் போன்கள் நின்றன. படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு கதை கதைத்துப் போகிறவர்கள் நின்றார்கள். சிவராசாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போகும். வேகம் குறைவது கேட்கும், நிற்பது கேட்காது.

ஒரு கிழமை கழித்துக் கௌசலா போன் எடுத்தாள்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இந்தக் கொம்பியூட்டரைத் திறந்த உடன ஒரு ஆள் கத்துறார். நான் ஒரு எழுத்து அடிச்சால் அவரும் சொல்லுறார். தலை இடிக்குது. அதைத் தூக்கிவிடட்டோ?”

“தூக்க வேண்டாம் தங்கச்சி. கிடந்திட்டுப் போகட்டும். நிப்பாட்டி வைக்கலாம். கீபோட்டில இடப்பக்கம் கீழ விண்டோஸ் கட்டை இருக்கு. அதையும் பக்கத்தில கிடக்கிற ஆல்ட் கட்டையையும் சேத்து அமத்திக்கொண்டு எஸ்ஸை அடியுங்கோ.”

“இந்தா, அமத்திறன்.”

போனுக்குள், தூரத்தில், குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல் கேட்டது. திரை வாசிப்பான் நிறுத்தப்பட்டது என்றது.

“நிண்டிட்டுது அண்ணை. பெரிய உபகாரம்.”

“சரி தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, அவள் வைத்த பிறகும் விஜிதரன் போனை வலது காதில் வைத்தபடி இருந்தார்.