சப்டைட்டிலில் செத்துப்போன சுரேஷ்

புதுச்சேரியில் நாடகம் கற்றுக்கொடுக்கும் கலைமதியைப் பற்றி அவளுடைய மாணவர்கள் ஒன்று சொல்வார்கள். மேடையில் யாராவது பொய்யாக அழுதால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். "இது அழுகையா? போய் உக்காரு" என்று கீழே இறக்கிவிடுவாள். ஊரார் பொய்யையெல்லாம் இப்படிப் பிடித்தவள், தன் பொய் ஒன்றை மட்டும் ஏழு வருடம் நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த பாலகுருவின் மகள் அவள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் தொடங்கி, கல்லூரியில் நாடகம் படித்து, வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து நாடகம் போடுகிற அளவுக்கு வந்தாள். முன்னால் நடிகர்கள், பின்னால் பெரிய திரையில் வீடியோ, நடுவில் இரண்டு மூன்று மொழிகள். இதுதான் அவள் பாணி. அவளுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது உப்பளத்தைப் பற்றிய ஒரு நாடகம்.

அதற்கு வீடியோ எடுக்க டென்மார்க்கிலிருந்து மத்தியாஸ் என்ற இயக்குநர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் உப்பைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பார்த்தவர். கலைமதி அவரை ஆராயி வேலை செய்யும் உப்பளத்துக்கு அழைத்துப் போனாள். ஆராயி அவளுக்கு ஒரே தெரு, அத்தை முறை.

உப்புப் பாத்தி பார்ப்பதற்குத்தான் வெறும் தண்ணீர். அடியில் இருக்கும் களிமண்ணை நாள்கணக்கில் மிதித்து மிதித்து, சிமெண்டுத் தரை மாதிரிக் கெட்டியாக்கி வைத்திருப்பார்கள். உப்பு படிகிற நேரத்தில் அதில் யாரும் கால் வைக்கமாட்டார்கள். நடை பழகிய நாளிலிருந்தே கலைமதிக்கு இது தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் பாத்தி முழுக்க வானம் சிவந்து கிடந்தது. மத்தியாஸ் கேமராவோடு, போட்ட பூட்ஸோடு, உள்ளே இறங்கிவிட்டார். கலைமதி வாயைத் திறக்கவில்லை. காட்சி அவ்வளவு அழகாக இருந்தது.

வரப்பு மேல் ஆராயி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, ஏம்பா, எறங்காதப்பா! தரை பேந்துக்கும்! சேறு கெளம்பி உப்பெல்லாம் கறுத்துடும்! ஏண்டி கலை, பாலகுரு பொண்ணுதானே நீ? பாத்துக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

கேமரா அதையும் பிடித்துக்கொண்டது. "என்ன சொல்கிறார்?" என்று மத்தியாஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

கலைமதிக்குக் காதுமடல் சுட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரிடம், உங்களையும் என்னையும் சேர்த்துத் திட்டுகிறாள் என்று எப்படிச் சொல்வது? "இவர் மகன் கடலில் போய்விட்டான். அவனைத் திருப்பிக் கொடு என்று கடலைக் கேட்கிறார்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். மத்தியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவே பிறகு சப்டைட்டிலானது. நாடகத்தின் உச்சமும் அதுவே ஆனது.

பாத்தி கறுத்தது. தண்ணீரை வடித்து, தரையை மறுபடி மிதித்துக் கெட்டியாக்க ஆராயிக்குப் பத்து நாள் பிடித்தது. அம்மா போனில் சொன்னபோது கலைமதி அந்தக் காட்சியைத்தான் எடிட் செய்துகொண்டிருந்தாள்.

எத்தனையோ வெளிநாட்டு ஊர்களில் நாடகம் போட்டார்கள். அந்தக் காட்சியில் அரங்கமே மூக்கைச் சிந்தும். மேடை ஓரத்தில் கலைமதி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தமிழ் புரிந்த ஒரே ஆள் அவள்தான். 'வெக்கமா இல்ல?' என்று ஆராயி கேட்டது அவளுக்கு மட்டும் கேட்கும். ஒருமுறை தமிழ்க் குடும்பம் ஒன்று டிக்கெட் வாங்கியிருப்பது தெரிந்து, அந்த இடத்தில் ஆராயியின் குரலை இறக்கிப் பின்னணி வயலினை ஏற்றச் சொன்னாள். அன்று ஓட்டல் அறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

இந்த வருடம் மரக்காணத்தில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பள்ளி அரங்கத்தில் பெரிய திரை. மத்தியாஸ் வீடியோ காலில் வாழ்த்துவதாக ஏற்பாடு. நாடகத்திலிருந்து ஒரு பகுதியைப் போட்டே ஆக வேண்டும் என்று ஊரே கேட்டது. கலைமதி சப்டைட்டிலை நீக்கினாள், குரலையும் நீக்கினாள், வெறும் வயலினோடு கொண்டுவந்தாள். முன்வரிசையில் ஆராயியும் அவள் மகன் சுரேஷும் உட்கார்ந்திருந்தார்கள்.

காட்சி ஓடியது. திரையில் ஆராயி கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

"என் வாய் ஆடுது, சத்தத்தக் காணோமே?" என்றாள் ஆராயி.

சுரேஷ் எழுந்து சிரித்தான். "யூடியூப்ல சத்தம் இருக்குதும்மா. கீழ இங்கிலீஷ்ல எழுத்து வருது, நான் கடல்ல செத்துட்டேனாம். எம்பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. கலைக்கா, நேத்துகூட திண்டிவனத்துக்கு பஸ்ஸ ஓட்டிக்கினு போய்ட்டு வந்தேங்க்கா!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. கலைமதி மைக்கைப் பிடித்தபடி மேடையில் நின்றாள். பின்னால் திரையில் மத்தியாஸ் வந்துவிட்டார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஆராயி சிரிக்கவில்லை. மேடைக்குக் கீழே வந்து நின்றாள்.

"இவன் செத்துட்டான்னு போட்டதுகூட போவட்டும். நான் அன்னிக்கு சொன்னத இந்த ஆளுகிட்ட சொன்னியா, இல்லியா?"

"என்ன சொல்கிறார்?" என்று திரையிலிருந்து மத்தியாஸ் கேட்டார். அதே கேள்வி.

இந்தத் தடவை கலைமதி சொன்னாள். பூட்ஸ், தரை, சேறு, கறுத்த உப்பு, பத்து நாள். மகன் உயிரோடு முன்வரிசையில் இருக்கிறான் என்றாள். 'வெக்கமா இல்ல' என்பதையும் விடாமல் மொழிபெயர்த்தாள். மத்தியாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆராயியைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ சொன்னார். கலைமதியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"என்ன சொல்றாரு?"

"தெரியாம எறங்கிட்டாராம். மன்னிச்சுக்கச் சொல்றாரு, அத்த."

"அவருக்குத் தெரியாது, சரி. உனுக்கு?"

கலைமதி மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். பிறகு அதை மறுபடி எடுத்து ஆன் செய்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தெரிஞ்சேதான் நின்னேன், அத்த."