வாளிக்குள் துணி போட்ட ஆறு அப்பாக்கள்

எங்கள் கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஜீவன், காலையில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்தான். மற்ற எல்லோருக்கும் அவள் மனு. இளைய வகுப்புப் பிள்ளைகளுக்கு மனு அக்கா. வகுப்புக்கு வராததற்கு மன்னிப்பு மனு, கட்டணத்துக்குத் தவணை மனு, தொலைத்த அடையாள அட்டைக்குப் புது அட்டை மனு என்று யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். ஒரு டீகூட வாங்கிக்கொள்ளாமல் எழுதிக் கொடுப்பாள். அதை அவள் நல்ல மனசு என்று நினைத்திருந்தாள். நான் அசட்டுத்தனம் என்று நினைத்தேன். மூன்று வருடம் அவளோடு ஒரே அறையில் குடியிருந்தவள் என்ற முறையில் நான் நினைத்ததுதான் சரி.

அறை ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றால் திரும்ப இடம் இல்லாத ஒரு சமையல் மேடை. கீழே இஸ்திரி போடும் ஆவி மேலே ஏறி வரும். குளிர்காலத்தில் சொர்க்கம், மற்ற எட்டு மாதமும் நாங்களே இஸ்திரி ஆனோம். அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துதான் அவள் ஊரார் கஷ்டத்தையெல்லாம் எழுதித் தள்ளினாள்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மாணவர் அவசர உதவி நிதி. அவசரம் பெயரில் மட்டும்தான். நிதிக் குழு மாதம் ஒரு தடவை கூடும். இடையில் வருகிற அவசரம் அதுவரை வாசலில் காத்திருக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். தலைவர் ஒரு பேராசிரியர். மனுவில் தான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் கவனமாகப் படிப்பார். இரண்டாமவர் கூட்டத்துக்கே வரமாட்டார். மூன்றாமவர் கல்லூரிக் கணக்கர். அவர் ஒருவர்தான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார், படித்துவிட்டுக் கண் கலங்கவும் செய்வார். கொடுக்கும் தொகை எல்லோருக்கும் ஒன்றுதான். கூரை ஒழுகினாலும் அவ்வளவுதான், சிறுநீரகம் கெட்டாலும் அவ்வளவுதான்.

மனுவின் புண்ணியத்தில் எங்கள் வகுப்பு அப்பாக்கள் பலர் படுத்த படுக்கையானார்கள். ஒரு பையனின் அம்மா மாடிப்படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. இரண்டரை வருடத்தில் பதினோரு பேர் பணம் வாங்கினார்கள்.

முதல் ஆள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். எனக்கு ஒரு போன் வேண்டியிருந்தது. பழையதில் பாதித் திரை செத்துவிட்டது. அப்பாவிடம் கேட்டால் மீதிப் பாதியைப் பார்க்கச் சொல்வார். அதனால் நிதிக்கு எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

"உங்க வீட்ல என்ன கஷ்டம்னு சொல்லு" என்று பேனாவோடு உட்கார்ந்தாள் மனு.

"ஒண்ணும் இல்லடி."

"ஏதாவது இருக்கும். யோசிச்சுப் பாரு."

"எங்கப்பா பயங்கரமா குறட்டை விடுவார்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள். 'மழைக்காலத்தில் எங்கள் தகரக் கூரை ஆறு இடங்களில் ஒழுகும். ஒவ்வொரு இடத்திலும் என் அப்பா ஒரு வாளி வைப்பார். வைப்பதற்கு முன் அதற்குள் பழைய துணி ஒன்றை மடித்துப் போடுவார். தண்ணீர் சொட்டும் சத்தத்தில் நாங்கள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று.' படித்த எனக்கே எங்கள் அப்பா மேல் திடீரென்று பாசம் பொங்கியது. மனிதர் கான்கிரீட் கூரைக்குக் கீழே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்.

"இதை எங்கடி புடிச்ச?"

"சும்மா தோணுச்சு."

அந்தத் துணியில் கணக்கர் விழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூரைக்காக வந்த பணத்தில் நான் போன் வாங்கினேன். நான்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இரண்டு பேரிடம் சொன்னேன், அவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். அதன் பிறகு எங்கள் அறைக்கு வந்தவர்களில் சிலர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள். "அக்கா, அந்தத் துணி போடற அப்பா எனக்கும் வேணும்." மனு வேறு நல்ல நல்ல கஷ்டங்களாக எடுத்துக் காட்டுவாள். துணிக் கடையில் அடம் பிடிப்பவர்கள் மாதிரி, கேட்டது அதுதான் வேண்டும் என்று நிற்பார்கள். ஆக, பதினோரு மனுவில் ஐந்து மனுவில் அதே அப்பா, அதே வாளி.

கடைசி வருடத்தில் அவளுக்கே கஷ்டம் வந்தது. வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அவளுடைய அப்பாவுக்கு முதுகு போய், வேலையும் போய்விட்டது. அவள் பாடம் சொல்லிக் கொடுத்த இரண்டு குழந்தைகளின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மூன்று மாத வாடகை நின்றது. எங்கள் அப்பா என் பங்கு வாடகையை நேராக வீட்டுக்காரம்மாவுக்கே அனுப்பிவிடுவார். என் கையில் காசு தங்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால் என்னைத் தொடவில்லை, அவள் தலையில் மட்டும் விடிந்தது.

வீட்டுக்காரம்மா கெட்டவள் இல்லை. எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். "முப்பதாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் உன் பெட்டியைத் தூக்கிப் படியில வெச்சிடுவேன். எனக்கு மனசு கேக்காது. ஆனா வெச்சிடுவேன்" என்றாள்.

இறுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. அறை போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அவளுடைய சித்தப்பா தன் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையைத் தயாராக வைத்திருந்தார். படிப்பு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். பிறகு என்றால் என்றைக்கு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இருபதாம் தேதி வாக்கில் வீட்டுக்காரம்மா ஒரு புதுப் பெண்ணைக் கூட்டிவந்து அவள் கட்டிலைக் காட்டினாள். மனு அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து, படுக்கை விரிப்பைச் சரிசெய்து, "குழாயை இடது பக்கமா திருப்புங்க, வலது பக்கம் திருப்பினா கையோட வந்துடும்" என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கம் வேறு சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழாயைப் பிடுங்கி மனு தலையிலேயே போட்டிருப்பேன்.

"உனக்கு சூடு சொரணை எதாவது இருக்கா?" என்றேன், அவர்கள் போன பிறகு.

"அவளுக்கும் அறை வேணும்ல" என்றாள்.

அன்றைக்கே அவள் முதல் தடவையாகத் தனக்கு ஒரு மனு எழுதினாள். எழுதி முடித்ததை வாங்கிப் படித்தேன். தகரக் கூரை. ஆறு இடம். வாளி. துணி.

"ஏய், பைத்தியமா நீ? இதை அஞ்சு தடவை எழுதியாச்சு. வேற எதாவது எழுது. விபத்து எழுது, தீப்புடிச்சதுன்னு எழுது."

"அடுத்தவங்களுக்குன்னா எழுதலாம். என் மனுல எப்படிடி பொய் எழுதறது?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப அந்த வாளி..."

"எங்கப்பாதான்."

அந்தத் தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

இருபத்தாறாம் தேதி குழு கூடியது. அவள் உள்ளே போனாள், நான் வாசலில் நின்றேன். கதவு சரியாகச் சாத்தாத கதவு. கணக்கர் படிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார், மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார் போலிருக்கிறது, காகிதச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இந்தக் காலேஜ்ல யார் வீட்ல மழை பெஞ்சாலும் அப்பாங்க எல்லாரும் வாளிக்குள்ள துணி போடறாங்களே, எப்படி? இதைப் பார்த்து நான் அழுதிருக்கேன். தெரியுமா? நாலு தடவை அழுதிருக்கேன். அஞ்சாவதுல லேசா சந்தேகம் வந்துச்சு. இது ஆறாவது."

"சார், இது எங்க வீட்ல நடந்தது சார்."

"மத்தவங்களும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. பார்த்துக் காப்பியடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நியாயமா பார்த்தா உன் மேல நடவடிக்கை எடுக்கணும். பாவம்னு விடறேன், போ."

அந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்தது தானேதான் என்று அவள் சொல்லியிருந்தால் போதும். எழுத்து நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சொல்லவில்லை. வெளியே வந்து, "என்னோட அப்பாவைக் காப்பின்னுட்டாரு" என்றாள். சிரிக்கத்தான் முயற்சி செய்தாள், முகம் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த ஒரே நிஜத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தனக்கென்று போனபோது அது கள்ளப் பணம் மாதிரி திரும்பி வந்துவிட்டது. துக்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

நேராகப் போய் அந்தத் துணிக்காரர்களைப் பிடித்தேன். ஒருத்தன் உணவகத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ போய்ச் சொல்லு. அந்த வாளி உன்னோடது இல்லன்னு சொல்லு. இல்ல, வாங்கின பணத்தையாவது அவகிட்ட குடு."

அவன் முகத்தைத் தொங்கப் போட்டான். "அக்கா, போன வாரத்துல இருந்து எங்கம்மா எழுந்திரிக்கவே இல்லக்கா. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சா, அந்தக் கைல சூடே இல்ல..."

அந்தக் கை போன வருடம் மனு வேறொருத்திக்கு எழுதிக் கொடுத்தது. அவளிடம் கற்றதை வைத்தே என்னிடம் ஆட்டம் காட்டினான். அடுத்தவள் அழுதாள். அடுத்தவன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே நூலகத்துக்குள் புகுந்துகொண்டான். மூன்று வருடத்தில் அவன் நூலகத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. கடைசி ஆள் மட்டும் நேர்மையாகப் பேசினான். "நான் போய்ச் சொன்னா பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வாங்க. நீங்க சொல்லுங்களேன், நீங்கதானே முதல்ல வாங்கினீங்க?"

நாலு பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்த எனக்கு, ஐந்தாவது ஆளின் பெயரை மட்டும் நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அதை ரசித்துப் பார்த்தான்.

மறுநாள் கணக்கர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது. என்னுடைய வாளிக்குத்தான் அவர் முதலில் அழுதிருந்தார்.

"சார், அந்தத் துணி எங்கப்பாவோடது இல்ல. எங்கப்பா மாடிவீட்ல தூங்கறவரு, மழை பெஞ்சதே காலைல பேப்பர் நனைஞ்சிருந்தாதான் அவருக்குத் தெரியும். அது அவங்கப்பாவோடது. நேத்து நீங்க காப்பின்னு சொன்னீங்களே, அவளோடது."

"அப்ப உன்னோடது பொய் மனு."

"ஆமா சார்."

"மத்த நாலு?"

"எனக்கு என்னோடதுதான் தெரியும் சார்."

அவர் என் பழைய மனுவை எடுத்துத் தனியாக வைத்தார். "பணத்தைத் திருப்பிக் கட்டணும். உன் சான்றிதழ்லயும் ஒரு வரி ஏறும்."

"சரி சார். அவளுக்குக் குடுத்துடுவீங்கல்ல?"

அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதைக் குடுக்கறது? நிதில காசே இல்லம்மா. நேத்து வந்த ஏழு பேரையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித்தான் அனுப்பினோம். இவளுக்குக் காரணம் தானா கிடைச்சுது."

எனக்கு அவர் கண்ணாடியைப் பிடுங்கி நானே துடைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மனிதர் எழுந்து போய் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கட்டினால் நிதியில் ஒருவருக்குக் கொடுக்கும் அளவு பணம் சேரும். சேர்ந்ததும் அவள் மனுவைத் தலைவர் முன் வைப்பார். தலைவர் எப்படியும் படிக்கப் போவதில்லை. அதற்கு முன் என் குற்றத்தை நான் எழுதித் தர வேண்டும். எழுதினேன். 'நான் பொய் சொல்லிப் பணம் வாங்கினேன்.' அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

"இதையும் அவகிட்டயே எழுதி வாங்கியிருக்கலாம்" என்றார் கணக்கர்.

பழைய போன் வாங்குகிற கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இல்லாத கீறலையெல்லாம் கண்டுபிடித்தார். அவர் கொடுத்தது போதவில்லை. மீதிக்கு அந்த மாதச் சாப்பாட்டுப் பணத்தைப் போட்டேன். இருபத்தொன்பதாம் தேதி காலையில் கட்டினேன். அன்று மதியமே அவளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள். 'மறு பரிசீலனை' என்று சொன்னார்களாம். இரண்டரை வருடத்தில் அந்த நிதி அவசரமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வீட்டுக்காரம்மாவிடம் மூன்று மாதத்தையும் கட்டிவிட்டு, படியை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு மேலே வந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன்.

"குடுத்துட்டாங்கடி! அந்த சார் மன்னிப்பு வேற கேட்டாரு. எங்கப்பா பத்தி விசாரிச்சாரு. உன் போனைக் குடு, அப்பாகிட்ட சொல்லணும்."

"போன் தொலைஞ்சிடுச்சு."

"ஐயையோ, எங்க?"

"பஸ்ல."

"நீ எந்த பஸ்ல போன?"

நான் விழித்தேன். கல்லூரிக்கும் அறைக்கும் நடுவில் பத்து நிமிட நடை. மூன்று வருடத்தில் நான் பஸ் ஏறியதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் சுருண்டு கிடந்த சார்ஜரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பஸ்னு மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்கடி" என்றாள். "புத்தகக் கடைக்குப் போனேன்னு சொல்லு. ஒரே கூட்டம், பையோட வெளி ஜிப் திறந்திருந்துச்சுன்னு சொல்லு. இறங்கி ரெண்டு கடை தாண்டினப்புறம்தான் கவனிச்சேன்னு சொல்லு."

"புத்தகக் கடைக்குப் போனேன். ஒரே கூட்டம். வெளி ஜிப் திறந்திருந்துச்சு. ரெண்டு கடை தாண்டினப்புறம்தான் கவனிச்சேன்" என்றேன்.

"ம்" என்றாள் மனு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை. "இப்ப நம்பறேன்."