உடையப்பன் பற்ற வைக்காத அடுப்பு

வளைகுடாவில் வேலை செய்கிறவனிடம் கேம்ப் என்று சொன்னால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடுக்குக் கட்டில், வாசலில் செருப்புக் குவியல், பாத்ரூமுக்கு வரிசை. அதனால் எங்கள் கேட்டரிங் கம்பெனி ஜூலை மாதம் உடையப்பனை ஒரு யூதக் கேம்ப்புக்குச் சமைக்க அனுப்பியபோது, அவர்களுக்கும் லேபர் கேம்ப் கட்டிவிட்டார்களா என்று ரூமில் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தோம். போய்ப் பார்த்தால் ஜுமேரா பக்கம் ஒரு பெரிய வில்லா. பள்ளிக்கூட லீவில் துபாயில் இருக்கிற யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், பல் விழுந்த பொடிசுகள் முதல் மீசை அரும்பியவர்கள் வரை, பகலெல்லாம் அங்கே பாட்டும் பிரார்த்தனையும் விளையாட்டுமாக இருந்தார்கள். வெயிலுக்குப் பயந்து எல்லாம் ஏசிக்குள்ளேதான்.

நான் கம்பெனி வேன் டிரைவர், அருள்முருகன். எங்கள் ரூம் இருக்கிற அல் கூஸிலிருந்து தினமும் அவனையும் காய்கறியையும் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை அங்கேயே கிடப்பேன்.

உடையப்பன் சிவகங்கைப் பக்கத்துக்காரன், நாற்பதைத் தாண்டியவன். கை நல்ல கை. மூக்குக்கு மேல் கோபம். சாப்பிடுகிறவன் முகத்தை எட்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சமையல் முடிந்ததாகவே ஆகாது. சூப்பர்வைசர் ஹஸ்னைன் ஒருமுறை பருப்பில் உப்புக் குறைவு என்று சொல்லப்போக, ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தவன் இவன்.

அந்த வில்லாவின் சமையலறைக்குப் பொறுப்பு தெவோரா என்கிற அம்மாள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யூதர், கறார் பேர்வழி. நமக்கு ஹலால் தெரியும். அதுபோல அவர்களுக்குக் கோஷர். கறிக்குத் தனிப் பாத்திரம், பாலுக்குத் தனிப் பாத்திரம். இதற்கெல்லாம் உடையப்பன் தலையாட்டிவிட்டான். கடைசியாக அவர் சொன்னதுதான் அவனுக்குத் தொண்டையில் சிக்கியது. நறுக்கலாம், தாளிக்கலாம், கிளறலாம், இறக்கலாம். ஆனால் அடுப்பை மட்டும் யூதர் ஒருவர்தான் பற்ற வைக்க வேண்டும்.

ஒரு வேலை மிச்சம் என்று நான் வேனில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பாலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவன் தன் அம்மா கதையைச் சொன்னான். அம்மா வீரம்மாளுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்ததாம். அரசாங்க உத்தரவு, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் காலனிப் பொம்பளை ஆக்கிய சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தன. வேறு ஊருக்கு மாற்றல் வரும்வரை அந்தம்மாள் ஆக்கியது ஆறித்தான் போனது. இங்கே சாதி கேட்க ஆளில்லை என்றுதான் துபாய்க்கு வந்ததாகச் சொன்னான். அதற்குப்பின் நான் அந்த அடுப்பைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை.

ஆனாலும் வேலை நடந்தது. காலையில் தெவோரா வந்து பற்ற வைப்பார், இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். பிறகு கோழியும் உருளைக்கிழங்கும் கொதிக்கிற வாசனையில் கோபத்தை மறந்துவிடுவான். பிள்ளைகள் தட்டோடு வந்து இன்னும் கொஞ்சம் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

இரண்டாவது வாரம் ஒருநாள் காலையில் சமைக்க ஆரம்பிக்கும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. நானும் அவனும் புது சிலிண்டரை மாட்டினோம். தெவோரா ஹாலில் பிள்ளைகளோடு இருந்தார், கூப்பிட்டால் வந்திருப்பார். உடையப்பன் லைட்டரை எடுத்துத் தானே பற்ற வைத்தான். பழக்கதோஷம் என்று பிறகு சொன்னான். நான் நம்பவில்லை.

சமையல் முடிந்தபிறகு உள்ளே வந்த தெவோரா புது சிலிண்டரைப் பார்த்தார். யார் பற்ற வைத்தது என்று கேட்டார். இவன் மறைக்கவில்லை. அவர் கத்தவும் இல்லை. பாத்திரங்களை மூடி ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு ரொட்டியையும் டூனா டின்களையும் வெள்ளரிக்காயையும் எடுத்துக்கொண்டு போனார். சமைத்த கோழி வாட்ச்மேனுக்கும் கிளீனர்களுக்கும் எனக்கும் வந்தது. சத்தியமாக அவ்வளவு ருசி. உடையப்பன் கதவோரம் நின்று, பிள்ளைகள் ரொட்டி தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாளை முதல் வரமாட்டேன் என்று என்னிடம் சொன்னான்.

தெவோரா திரும்பி வந்தபோது அவன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் இந்தியிலும் நேராகவே கேட்டான், “என் கை அழுக்கா மேடம்?”

அந்தம்மாள் திடுக்கிட்டுப் போனார். “அழுக்கென்றால் உன்னை மாவு பிசைய விடுவேனா?” என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேன் தடவாமல் விளக்கினார். தாங்கள் சிறு கூட்டம், எந்த நாட்டிலும் மற்றவர்களுக்கு நடுவில் சிதறி வாழ்கிறவர்கள். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்டால் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒருநாள் கரைந்துபோவோம் என்று முன்னோர்கள் பயந்து வைத்த விதி இது. இந்த வில்லாவின் அரபு முதலாளியே வந்து பற்ற வைத்தாலும் சாப்பாடு ஓரமாகத்தான் போகும். “உன் மனம் நோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு. ஆனால் விதியை மாற்ற என்னால் முடியாது” என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உடையப்பன் இறங்கிவரவில்லை. வேனில் ஏறியதும், “என்ன காரணம் சொன்னாலும் வெலக்கி வைக்கிறது வெலக்கி வைக்கிறதுதானப்பா” என்றான்.

வழியில் அம்மாவுக்குப் போன் போட்டான். வேலையை விடப்போவதையும் காரணத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. தனக்காக மகன் ரோஷப்படுகிறான் என்று அந்தம்மாள் மகிழ்வார் என்றே நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

“அவுக பத்த வச்ச அன்னைக்கெல்லாம் புள்ளைக நல்லாச் சாப்பிடுச்சாய்யா?”

“சாப்பிடுச்சுகம்மா. ரெண்டாவது தடவயும் வந்து வாங்குச்சுக.”

“எங்கிட்ட ஒரு பயலும் அடுப்பப் பத்த வைக்காதன்னு சொல்லலய்யா. தெனமும் நாந்தான் பத்த வச்சேன்” என்றார் வீரம்மாள். குரல் உடைந்தது. “திங்கத்தான் ஒரு புள்ளயும் வரல.”

உடையப்பன் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதான். நான் வண்டியை ஓரங்கட்டினேன். மறுநாள் நான் வருவதற்கு முன்பே அவன் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.