மலைக்கு மேலே ஒரு கப்பலை விலை பேசினேன்

விற்க வருகிறவனுக்கு அவன் வீட்டு ஓட்டை வாளியும் வெள்ளி, வாங்க வருகிறவனுக்கு நாம் வைத்திருக்கும் வெள்ளியும் ஓட்டை வாளி. நடுவில் நின்று இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குவதற்குப் பெயர்தான் பழைய சாமான் வியாபாரம்.

என்னைப் போலத் தொண்டை கிழியக் கத்தி வயிறு வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புப் படித்தேன். மிச்சத்தை மாத்தளைக் கடைவீதியில் அடிபட்டுப் படித்தேன். கோபம் மட்டும் படிக்காமலே வந்தது.

கூரைக்கு ஆசைப்பட்டேன்

சுதந்திரம் வந்து சில வருஷத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். மூட்டைக்குள் அடங்காததெல்லாம் எங்களிடம் வந்தது. அப்போது எனக்குக் கடை கிடையாது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துத்தான் வியாபாரம். மழை வந்தால் சாமானை மூடுவதா, தலையை மூடுவதா என்று தினமும் ஒரு குழப்பம்.

சீகிரியாவில் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற முதலாளி ஒருவர் இருந்தார். கொக்கோத் தோட்டத்துக் கப்பல்காரத் துரை இங்கிலாந்துக்குத் திரும்பப் போகிறார் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்தத் துரை பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாக இருந்து, கொமாண்டர் பட்டத்தோடு ஓய்வு பெற்றவர். அவருடைய வாளைத் தன் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியே தீர வேண்டும் என்று முதலாளிக்குப் பிடிவாதம். மாத்தளையில் அவருக்குச் சொந்தமான கடை அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஓட்டுக் கூரை, இரட்டைக் கதவு. அதன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "வாளைக் கொண்டா, சாவியைக் கொண்டு போ. வேற கதை வேணாம், கருப்பையா."

மழை பெய்தால் கப்பல்

மாத்தளையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போக வேண்டும். துரை மட்டும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பங்களா விறாந்தைக்கு அவர் வைத்திருந்த பெயர் மேல்தளம். கொக்கோக் காய் பறிக்கிறவர்களைக் கப்பலில் காவல் மாற்றுவது போல மாற்றுவார். அரை மணிக்கு ஒரு தடவை பித்தளை மணி அடிக்க வேண்டும். அதை அடிப்பது கோக்கி சூசையண்ணன். கோக்கி என்றால் பங்களாச் சமையற்காரர். குழம்பு தீய்ந்தாலும் மணி தப்பக் கூடாது.

நான் முதல் நாள் படியில் கால் வைத்ததும், "யாரு கப்பல்ல ஏறுறது?" என்று உள்ளேயிருந்து ஓர் அதட்டல். துரை பேசியது எங்கள் தோட்டத் தமிழ்தான். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அது கட்டளையாகத்தான் வெளியே வரும். எனக்கு ஏறிய கோபத்தை அந்தச் சாவியை நினைத்து விழுங்கினேன். ஊருக்குப் போகும்வரை சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்பாராம். வாளை மட்டும் விற்க மாட்டாராம். வாசல் வரை கூட வந்த சூசையண்ணன் என் காதில் சொன்னார்: "மத்த நாள்ல பைத்தியம்னு நெனைப்பேன், தம்பி. மழை பெஞ்சா மட்டும் இது நெசமாவே கப்பலுதான். கட்டிலுக்குக் கீழ தண்ணி ஓடுது."

யானையும் தூரக்கண்ணாடியும்

முதலில் கைக்கு வந்தது தூரக்கண்ணாடி. சீனக் கடலில் கொள்ளைக்காரர்களைத் தேடிய கண்ணாடி என்றார் துரை. அகப்பட்டார்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அதைக் கலேவெலப் பக்கம் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் வைத்திருந்த காசிம் நானாவின் தலையில் கட்டினேன். இரவில் சோளத்துக்கு யானை வருகிறதா என்று பரணில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று அளந்துவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். காலில் கட்டு, கையில் கண்ணாடி. பரண் போய்விட்டதாம். "தம்பி, ஆனை ஒரு மைல்ல நிக்கிற நேரம் இது மூக்குக்கிட்ட காட்டுது. மூக்குக்கிட்ட வந்த நேரம் இத வெச்சி நான் என்ன செய்ய?"

எமன் போட்ட கோட்டு

அடுத்தது தங்கச் சரிகை வைத்த சீருடைக் கோட்டு. துரைக்கு வயிறு பெருத்து அது சேரவில்லை. தோட்டத்துக் கூத்து வாத்தியார் எமன் வேஷத்துக்குக் கேட்டார். இரண்டு மணி நேரம் பேரம் பேசினோம். நான் இரண்டு தடவை கோட்டைப் பிடுங்கிக்கொண்டு எழும்பினேன். அவர் மூன்று தடவை எழும்பினார். கடைசியில் கொடுத்துவிட்டேன்.

கூத்தன்று எமன் பந்தலுக்குள் நுழைந்ததும், உட்கார்ந்திருந்த சனம் முழுக்க சடாரென்று எழும்பிவிட்டது. மறுநாள் வாத்தியார் என் சாக்குக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். முகத்தில் சந்தோஷம் இல்லை. "முப்பது வருஷமா எமன் வேஷம் கட்டுறேன், ஒருத்தனும் பயந்ததில்ல. நேத்து இந்தக் கோட்டைப் பாத்து பெரிய கங்காணி சலாம் வெக்கிறான்யா."

முனை திரும்பியது

தேக்கு அலுமாரிக்கு விலை பேசப் போயிருந்தேன். துரை இறங்கவே இல்லை. பேச்சோடு பேச்சாக, மேசையில் இருந்த வாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உறையிலிருந்து உருவி, பிடியைத் தட்டி, பித்தளையா தங்க முலாமா என்று சோதித்தேன். பிறகு எப்படியோ மேசையில் வைத்தேன். முனை துரையைப் பார்த்து இருந்தது.

மனுஷனின் முகம் சுண்ணாம்பாய்ப் போனது. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதுவரை மலை போல நின்றவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சரி. நீ சொன்ன விலைக்கே அலுமாரியை எடு. போ."

என் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். சூசையண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்ன விபரம் இதுதான். துரை பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்தவர். முதல் உலகச் சண்டைக்கு முன்னால், ஓர் ஆற்று வாயில் மூடுபனிக்குள் அவர் செலுத்திய கப்பல் மணலில் ஏறிவிட்டது. விசாரணை வைத்தார்கள். அவர்கள் வழக்கப்படி விசாரிக்கப்படுகிறவனின் வாளை மேசையில் வைப்பார்களாம். தீர்ப்புக் கேட்க அவனை உள்ளே கூப்பிடும்போது பிடி அவன் பக்கம் இருந்தால் விடுதலை. முனை அவன் பக்கம் இருந்தால் குற்றவாளி. ஒருவரும் வாய் திறக்கும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். துரை உள்ளே போனபோது முனை அவரைப் பார்த்து இருந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பெரிய கப்பல் எதுவும் கிடைக்கவில்லை.

"அப்ப கொமாண்டர் பட்டம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு அனுப்புற அன்னைக்குக் குடுத்தாங்களாம். இனிமே அவரு கையில கப்பல் இல்ல பாரு, குடுத்தா யாருக்கு நட்டம்?"

தெரிந்தே செய்தேன்

இதற்கு மேல் நான் நல்லவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுவாரம் பித்தளை மணிக்குப் பேரம். துரை பிடிவாதமாக நின்றார். "தூசி படிஞ்சிருக்கு, தொரை" என்று வாளை எடுத்துத் துடைத்தேன். வைக்கும்போது பார்த்து, நிதானமாக, முனையை அவர் பக்கம் வைத்தேன். என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மணியைக் காட்டித் தலையை அசைத்தார்.

மணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தபோது, இனி அடிக்க வேண்டாம் என்று சூசையண்ணன் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "மணி போனதுல சந்தோசந்தான். போன விதத்துலதான் எனக்குச் சோறு எறங்கல."

விசாரணை

துரை புறப்பட மூன்று நாள் இருந்தது. வாளையும் இதே வழியில் கறந்துவிடலாம் என்று போனேன். சீகிரியா முதலாளியின் சாவி வழி முழுக்க என் காதுக்குள் கிலுங்கிக்கொண்டே வந்தது.

விறாந்தையில் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். துரை பழைய கடற்படைத் தொப்பியோடு விறைப்பாக நின்றார். சூசையண்ணன் பக்கத்தில் கைகட்டி நின்றார். எனக்கென்று ஒரு நாற்காலி. மேசையில் வாள். முனை என் நாற்காலியைப் பார்த்து இருந்தது.

"மொதல் தடவை உனக்குத் தெரியாது. அது குத்தமில்ல" என்றார் துரை. "ரெண்டாவது தடவை உனக்குத் தெரியும்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கடைவீதியில் யாருக்கும் பதில் கொடுக்காமல் விட்டதில்லை நான். அதற்குள் துரை தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரலில் அதட்டல் இல்லை. நான் கேட்டதிலேயே கட்டளையாக வராத ஒரே பேச்சு அதுதான்: "எனக்காவது அன்னைக்கு மூடுபனி இருந்துச்சு, கருப்பையா. உனக்கு என்ன இருந்துச்சு?"

தண்டனை யாருக்கு

அன்றிரவு தூக்கமில்லை. விடிந்ததும் மணியைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினேன். துரை அது முன்பு தொங்கிய கொக்கியை மட்டும் காட்டினார். மாட்டினேன். அடுத்த அரை மணிக்குச் சூசையண்ணன் கரண்டியோடு ஓடி வந்து அடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நீ செஞ்ச பாவத்துக்கு நான் ஏண்டா மணியடிக்கணும்?"

துரை வாளோடு கப்பலேறிப் போனார், ஓட்டுக் கூரை அறை வேறொருவன் கைக்குப் போனது, நான் இன்றைக்கும் சாக்கு விரித்துத்தான் விற்கிறேன். ஆனால் கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் எது வந்தாலும் முனையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் விலை பேசத் தொடங்குகிறேன்.